பழைய வயர்லெஸ் செட்டுகளுக்கு மென்பொருளும் கேபிளும் தேடுகிறேன்: ஜிஎம் 300, டிகே 270

அலைத்தேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலைப்பகுதியில் வழிதவறியவர்களைத் தேடிச் செல்லும் தன்னார்வக் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். ஒரு நிறுவனம் தன் பழைய வயர்லெஸ் செட்டுகளைக் கழித்தபோது, நான்கு மோட்டோரோலா ஜிஎம் 300 வண்டி செட்டுகளையும் இரண்டு கென்வுட் டிகே 270 கையடக்க செட்டுகளையும் எங்களுக்குக் கொடுத்தது. ஆறும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் உள்ளே இருப்பவை அந்த நிறுவனத்தின் சானல்கள். எங்கள் குழுவுக்கு உரிமத்துடன் ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளை அவற்றில் ஏற்ற வேண்டும்.

"எல்லா செட்டுகளுக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்த ஒரு யூஎஸ்பி கேபிளை வாங்கினேன். அதன் முனை ஜிஎம் 300-இன் மைக் துளையில் நுழைகிறது. ஆனால் எதுவும் நடக்கவில்லை. பழைய ஃபிளாப்பி ஒன்றும் செட்டுகளோடு வந்தது. அதிலிருந்த நிரலை என் மடிக்கணினியில் இயக்க முயன்றால், இந்தக் கணினியில் இது இயங்காது என்ற ஒற்றை வரியோடு விண்டோஸ் நிறுத்திக்கொள்கிறது. குற்றம் கேபிளிலா, மென்பொருளிலா, கணினியிலா என்று பிரித்தறியத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஈயப்பற்று எழுதியது:

நண்பரே, முதலில் அந்தக் கேபிளைக் கழற்றி வையுங்கள். இனி அதை ஜிஎம் 300-இல் செருக வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

தொடங்க வேண்டிய இடம் செட்டின் பின்புறமோ அடிப்புறமோ ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டு. "ஜிஎம் 300" என்பது விற்பனைப் பெயர் மட்டுமே. சீட்டில் எம்43ஜிஎம்சி என்பது போலத் தொடங்கும் நீண்ட மாதிரி எண் இருக்கும். முதல் எழுத்து வண்டியில் பொருத்தும் செட் என்பதைக் காட்டும். மூன்றாம் இடத்தில் 3 இருந்தால் விஎச்எஃப் (தாழ்ந்த அலைவரிசைத் தொகுதி), 4 இருந்தால் யூஎச்எஃப் (அதற்கு மேலான தொகுதி). விஎச்எஃப் ஜிஎம் 300-இலும் 136 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு வகை, 146 முதல் 174 வரை இன்னொரு வகை என்று உண்டு. உங்களுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசை அந்த செட்டின் எல்லைக்குள் வருகிறதா என்பதை மென்பொருளைத் தேடி அலைவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஒரு மாதம் அலைந்து மென்பொருள் கிடைத்த பிறகு, செட்டின் எல்லையே வேறு என்று தெரிந்து மனமொடிந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி கேபிள். கணினியின் பழைய சீரியல் போர்ட் ஆர்எஸ் 232 என்ற முறையில் பேசுகிறது. அதில் ஒன்று என்பதற்கும் சுழி என்பதற்கும் 3 முதல் 15 வோல்ட் வரை எதிர்மறையாகவும் நேர்மறையாகவும் மின்னழுத்தம் மாறும். செட்டின் உள்ளே இருக்கும் நுண்செயலியோ சுழிக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையில் மட்டுமே வாழ்கிறது. இரண்டையும் நேரடியாக இணைத்தால் செட்டின் உள்ளீட்டுப் பகுதி எரிந்துபோக வாய்ப்பு உண்டு. போதாக்குறைக்கு, மோட்டோரோலாவின் அந்தக் கால செட்டுகளில் அனுப்புவதும் பெறுவதும் ஒரே கம்பியில்தான் நடக்கின்றன. ஆகவே அழுத்தத்தை மாற்றுவதோடு, கணினியின் இரண்டு கம்பிகளை ஒரே கம்பியாக இணைக்கும் வேலையும் நடுவில் நடக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பெட்டியைத்தான் ரிப் பாக்ஸ் என்கிறோம். மோட்டோரோலா அதை ஆர்எல்என் 4008 என்ற எண்ணில் விற்றது. பெட்டி இல்லாமல், மேக்ஸ் 232 போன்ற சிப்பை முனைக்குள்ளேயே வைத்துச் செய்யப்பட்ட கேபிள்களும் உண்டு. நல்ல கைகளில் உருவானவை நன்றாகவே வேலை செய்கின்றன.

உங்கள் கேபிள் மைக் துளையில் நுழைந்ததில் வியப்பில்லை. அந்த எட்டு பின் துளை, நெட்வொர்க் கேபிள் செருகும் துளை போலவே இருக்கும். கென்வுட் வண்டி செட்டுகளிலும் அதே வடிவம்தான். ஆனால் எந்தப் பின்னில் எது வருகிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒன்றில் தரவு வரும் இடத்தில் இன்னொன்றில் மைக்குக்கான மின்சாரம் வரும். முனை நுழைகிறது என்பதை மட்டும் நம்பி ஒருபோதும் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

டிகே 270-க்கு வழி எளிது. அதற்கான கேபிள் கேபிஜி 22. பக்கவாட்டில் இரண்டு முனைகள் கொண்ட செருகி. அதே அமைப்பைப் பின்னாளில் பல மலிவு விலைக் கையடக்க செட்டுகளும் எடுத்துக்கொண்டதால் அந்தக் கேபிள் இன்றும் சுலபமாகக் கிடைக்கும். வண்டியில் பொருத்தும் கென்வுட்டுக்கு கேபிஜி 46 என்பது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

டாஸ்காலத்தான் எழுதியது:

ஈயப்பற்று ஐயா கேபிளைப் பற்றிச் சொன்னது முழுமையானது. நான் கணினியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் ஜிஎம் 300-இல் பெரும்பாலானோர் தோற்பது அங்கேதான்.

உங்கள் ஃபிளாப்பியில் இருப்பது ஆர்எஸ்எஸ் எனப்படும், மோட்டோரோலா செட்டுகளில் சானல்களை ஏற்றும் மென்பொருளாக இருக்க வேண்டும்; விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கு எழுதப்பட்டது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்களுக்கு இடமே இல்லை. அதனால்தான் உங்கள் மடிக்கணினி கதவைச் சாத்தியது. 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பியில் அது திறக்கும். ஆனால் திறப்பது வேறு, செட்டோடு பேசுவது வேறு. இந்த மென்பொருள் எழுதப்பட்ட நாளில், ஒரு பைட்டை அனுப்பிவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடவில்லை. செயலியை ஒரு வெற்றுச் சுழலில் இத்தனை முறை ஓடவிடு என்று எழுதிவைத்தார்கள். 386, 486 செயலிகளில் அந்தச் சுழல் சரியான நேரம் எடுக்கும். வேகமான செயலியில் அது கண்ணிமைக்கும் நேரத்துக்கும் முன்பே முடிந்துவிடும். செட் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மென்பொருள் "பதில் இல்லை" என்று முடிவுகட்டிவிடும். செட்டிலிருந்து படிக்கும்போது இப்படி நடந்தால் பிழைச்செய்தியோடு போகும். செட்டுக்குள் எழுதும்போது நடுவில் அறுந்தால், பாதி பழையதும் பாதி புதியதுமாக நினைவகம் சிதைந்துபோகும். என்னிடம் இருந்த ஒரு செட் அப்படித்தான் ஒரே நீண்ட பீப் ஒலியோடு எழ மறுத்துவிட்டது. அவசரப்பட்டு வேகமான கணினியில் செய்தது என் தவறு. அதை மீட்க எனக்கு மூன்று வாரங்கள் ஆயின.

ஆகவே என் பரிந்துரை: சீரியல் போர்ட் உடலிலேயே உள்ள பழைய கணினி ஒன்றைத் தேடுங்கள். 486 கிடைத்தால் மிக நல்லது. முதல் தலைமுறை பென்டியம் என்றால் பயாஸில் கேஷை அணைத்தோ, மோஸ்லோ போன்ற வேகக்குறைப்பு நிரலைக் கொண்டோ இயக்கலாம். விண்டோஸை ஏற்றாமல் நேரே டாஸில் தொடங்க வேண்டும். அந்த வயதுக் கணினிகளின் வன்தட்டு இறந்திருப்பது வழக்கம். காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை ஐடிஇ இணைப்புப் பலகையில் பொருத்தினால் அதையே வன்தட்டாகக் கணினி ஏற்றுக்கொள்ளும். சத்தமும் இல்லை, சூடும் இல்லை.

இன்னொன்று: ஃபிளாப்பியை இயக்கும் முன்பு அதன் முழுப் பிம்பத்தையும் (பைட்டுக்குப் பைட் நகலை) கோப்பாக எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். அந்த வயது ஃபிளாப்பி இன்னும் எத்தனை முறை படிக்க இடங்கொடுக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

நீலத்திரை எழுதியது:

இவ்வளவு பாடு தேவையா? இன்றைய கணினிக்குள் பழைய டாஸ் கணினியைப் போலிசெய்யும் டாஸ்பாக்ஸ் நிரலில் நான் ஆர்எஸ்எஸ் இயக்கியிருக்கிறேன். அமைப்புக் கோப்பில் சீரியல் போர்ட்டை நேரடி வகையாக எழுதி, உண்மையான போர்ட்டின் பெயரைக் கொடுத்து, போலிக் கணினியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சைக்கிள் எண்ணிக்கையைக் குறைத்து வைத்தேன். செட் படித்தது, எழுதியது. யூஎஸ்பி துளையைச் சீரியல் போர்ட்டாக்கும் மாற்றியே போதுமானதாக இருந்தது. மென்பொருளும் இணையத்தில் தேடினால் பத்து இடங்களில் கிடைக்கிறது.

டாஸ்காலத்தான் எழுதியது:

நீலத்திரை அவர்களே, உங்களுக்கு வேலை செய்தது என்பதை நான் மறுக்கவில்லை. டாஸ்பாக்ஸில் வெற்றி பெற்றவர்கள் பலர் உண்டு; அதே அமைப்பை வரிக்கு வரி எழுதியும் தோற்றவர்களும் உண்டு. காரணம் யூஎஸ்பி மாற்றி. டாஸ் நிரல், சீரியல் போர்ட் 3எஃப்8 என்ற முகவரியில் வன்பொருளாகவே இருக்கிறது என்று நம்பி அதன் பதிவேடுகளை (ரெஜிஸ்டர்களை) நேரடியாகத் தொடுகிறது. டாஸ்பாக்ஸ் அதைப் போலிசெய்து விண்டோஸிடம் கொடுக்கிறது; விண்டோஸ், மாற்றியை இயக்கும் நிரலான டிரைவரிடம் கொடுக்கிறது; டிரைவர் பைட்டுகளைச் சேர்த்துவைத்துப் பொட்டலமாக யூஎஸ்பியில் அனுப்புகிறது. இத்தகைய மாற்றிகளில் வரும் எஃப்டிடிஐ சிப்பின் டிரைவரில் அந்தக் காத்திருப்பு இயல்பாக 16 மில்லிவினாடி. சாதனங்கள் பட்டியலில் போர்ட்டின் மேம்பட்ட அமைப்புக்குள் சென்று அதை 1 ஆக்கினால் நிலைமை பெரிதும் சீராகும். நீங்கள் அதை மாற்றியிருந்தீர்களா என்று அறிய விரும்புகிறேன்.

படிப்பதற்கு டாஸ்பாக்ஸை முயன்று பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒரே செட்டை மூன்று முறை படித்து, மூன்று கோப்புகளும் ஒன்றுபோல வருகின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஒரு பைட் மாறியிருந்தாலும் அந்தக் கணினியிலிருந்து எழுதக் கூடாது.

நீலத்திரை எழுதியது:

மாற்றவில்லை. என் மாற்றி யூஎஸ்பி அல்ல, மடிக்கணினியின் விரிவாக்க இருக்கையில் (டாக்கிங் ஸ்டேஷனில்) இருந்த சீரியல் போர்ட் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. யூஎஸ்பி என்று எழுதியது பிழை, திருத்திக்கொள்கிறேன்.

ஈயப்பற்று எழுதியது:

மென்பொருள் "பத்து இடங்களில் கிடைக்கிறது" என்பதற்கு ஒரு சொல். ஆர்எஸ்எஸ் பதிப்புரிமை உள்ள மென்பொருள். செட் பழையதாகிவிட்டது என்பதால் அந்த உரிமை மறைந்துவிடுவதில்லை. உரிமையின் பேச்சை ஒதுக்கிவைத்தாலும், அறியாத தளங்களிலிருந்து இறக்கிய தொகுப்புகளில் நச்சு நிரல் இருந்ததை நானே கண்டிருக்கிறேன். அலைத்தேடி அவர்களுக்கு ஃபிளாப்பி செட்டோடு வந்திருக்கிறது. கொடுத்த நிறுவனத்திடம் அதன் உரிம ஆவணத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிளாப்பி இல்லாதவர்கள் உற்பத்தியாளரின் முகவரிடமோ, அந்த செட்டுகளைப் பராமரித்துவந்த பழைய சர்வீஸ் கடைக்காரரிடமோ கேட்பதே நேர்வழி. செட்டைக் கொண்டுபோனால் அங்கேயே ஏற்றித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான்கே செட்டுகளுக்கு அது மோசமான வழி அல்ல.

டிகே 270-க்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சிர்ப் என்ற கட்டற்ற மென்பொருள் அதை ஆதரிக்கிறது. இன்றைய விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். விலை இல்லை, மூல நிரலும் திறந்தே இருக்கிறது. முதலில் அதை முடித்துவிட்டு ஜிஎம் 300-க்கு வாருங்கள். கை பழகும்.

அலைத்தேடி எழுதியது:

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். கேபிஜி 22 வகைக் கேபிள் வந்தது. சிர்ப் நிறுவினேன். மாதிரியைத் தேர்ந்து, படிக்கச் சொன்னால், செட் பதிலளிக்கவில்லை என்கிறது. அதற்கு முன்பு கேபிளின் டிரைவரே மஞ்சள் முக்கோணத்தோடு நின்றது. அதில் இருக்கும் யூஎஸ்பி மாற்றிச் சிப் பிஎல் 2303 என்று காட்டுகிறது. விண்டோஸ் தானாக நிறுவிய டிரைவரோடு அது தொடங்க மறுத்தது.

கம்பித்தொடர் எழுதியது:

இங்கே நான் உதவ முடியும். பிஎல் 2303 சிப்பின் போலிகள் சந்தையில் நிறைந்துவிட்டதால், அதன் உற்பத்தியாளரான புரோலிஃபிக், புதிய டிரைவர்களில் போலிகளையும் தன் பழைய சிப்புகளையும் சேர்த்தே மறுக்கத் தொடங்கியது. பிழை எண் 10 என்று வருவது பெரும்பாலும் இதனால்தான். 3.2.0.0 என்ற பழைய டிரைவரை நிறுவி, சாதனங்கள் பட்டியலில் அதையே கையால் தேர்ந்தெடுத்தால் பலருக்குச் சரியாகிறது. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது மறுபடியும் புதிய டிரைவரைப் போட்டுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். எஃப்டிடிஐ சிப் உள்ளதை வாங்கினால் தொல்லை குறைவு என்பார்கள். அங்கும் போலி உண்டு. 2014-இல் எஃப்டிடிஐ வெளியிட்ட ஒரு டிரைவர், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே சுழியாக்கி அவற்றைச் செயலிழக்கச் செய்தது. எதிர்ப்பு எழுந்ததும் அதைத் திரும்பப் பெற்றார்கள். உண்மையான சிப் எது என்று தெரியாமல் கேபிள் வாங்கிய பயனாளர்தான் அன்று தண்டிக்கப்பட்டார் என்பது என் கருத்து.

டிரைவர் சரியான பிறகும் பேசவில்லை என்றால் செருகியின் கழுத்தைப் பாருங்கள். மலிவுக் கேபிள்களில் இரண்டு முனைகளைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் உறை சற்றுத் தடிப்பாக வார்க்கப்பட்டிருக்கும். செட்டின் உடல் அதைத் தடுத்துவிடும். முனை முழுதும் இறங்கியது போலவே தோன்றும், ஆனால் ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்கும். அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் தரவுக் கம்பியின் தொடுபுள்ளி இருக்கிறது. விளிம்பைக் கூரான கத்தியால் மெல்லச் சீவுங்கள். "டக்" என்று இறங்குவது விரலுக்கே தெரியும்.

அலைத்தேடி எழுதியது:

கம்பித்தொடர் அவர்களே, இரண்டுமே காரணங்கள். பழைய டிரைவரைப் போட்டதும் முக்கோணம் மறைந்தது. உருப்பெருக்கியில் பார்த்தபோது செருகிக்கும் செட்டுக்கும் இடையில் மெல்லிய வெளிச்சக் கீற்று தெரிந்தது. சீவிய பிறகு உள்ளே இறங்கியது. செட்டின் விளக்கு எரிந்தது, திரையில் நீலப் பட்டை நகர்ந்தது. இரண்டு டிகே 270-களும் படிக்கப்பட்டு, மூலக் கோப்புகள் தனியாகச் சேமிக்கப்பட்டு, எங்கள் சானல்கள் ஏறிவிட்டன.

ஒரு ஐயம். ஜிஎம் 300 செட்டுகளும் இவற்றோடு பேச வேண்டும். கென்வுட் ஆவணத்தில் கியூடி என்று எழுதியிருக்கிறது. மோட்டோரோலாவில் பிஎல் என்கிறார்கள். இரண்டும் வெவ்வேறா?

ஈயப்பற்று எழுதியது:

இரண்டும் ஒன்றே. பேச்சோடு சேர்த்துத் தாழ்ந்த சுருதி ஒன்றை அனுப்பி, அதே சுருதி வந்தால் மட்டும் ஒலிபெருக்கியைத் திறக்கும் முறை அது. பொதுப் பெயர் சிடிசிஎஸ்எஸ். பிஎல் மோட்டோரோலா வைத்த பெயர், கியூடி கென்வுட் வைத்த பெயர். எண்முறைக் குறியீட்டில் வருவதை மோட்டோரோலா டிபிஎல் என்றும் கென்வுட் டிகியூடி என்றும் அழைக்கும். ஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்து நிரப்புங்கள், பெயரைப் பார்க்க வேண்டாம். சானல் அகலமும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 25 கிலோஹெர்ட்ஸ், இன்னொன்று 12.5 என்றால் குரல் உடைந்தோ மெலிந்தோ கேட்கும்.

நீலத்திரை எழுதியது:

நான்கு ஜிஎம் 300-களும் ஒரே மாதிரி எண் என்றால், ஒன்றைச் சரியாக அமைத்துவிட்டு, அதன் நினைவகச் சிப்பை நேரடியாகப் படித்து, அந்தப் பிம்பத்தை மற்ற மூன்றிலும் எழுதிவிட முடியாதா? சிஹெச் 341ஏ கருவியால் சிப்பைப் படிப்பது எளிது; டாஸ் கணினியே தேவைப்படாது.

ஈயப்பற்று எழுதியது:

தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். கோட்பிளக் என்று நாம் சொல்லும் நினைவகத்தில் சானல்கள் மட்டும் இல்லை. தொழிற்சாலையில் அந்த ஒரு செட்டை மட்டும் அளவுக்கருவிகளில் வைத்துச் சரிசெய்த மதிப்புகளும் இந்த வகை செட்டுகளில் அங்கேயே இருக்கின்றன: அலையியற்றியின் நுண்திருத்தம், அனுப்பும் ஆற்றல், அலைவிலக்கம். ஒரே மாதிரி எண் கொண்ட இரண்டு செட்டுகளின் படிகங்கள்கூட ஒன்றாக இருப்பதில்லை. முழுப் பிம்பத்தை நகலெடுத்தால் இரண்டாவது செட் முதல் செட்டின் திருத்தத்தைச் சுமந்துகொண்டு தவறான அலைவரிசையில் அனுப்பும். முறையான மென்பொருள் சானல் விவரங்களை மட்டும் மாற்றித் திருத்த மதிப்புகளைத் தொடாமல் விடுகிறது. அதற்காகத்தான் அந்த மென்பொருளைத் தேடுகிறோம்.

சிஹெச் 341ஏ பற்றியும் ஓர் எச்சரிக்கை: பரவலாகக் கிடைக்கும் கறுப்புப் பலகையில், சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் வருகிறது. பழைய 5 வோல்ட் சிப்புகளுக்குப் பாதகமில்லை, புதியவற்றுக்கு ஆபத்து. செட் முற்றிலும் செத்துவிட்டால், கடைசி வழியாக, அதே செட்டிலிருந்து முன்பு எடுத்த பிம்பத்தைத் திரும்ப எழுத மட்டும் இது பயன்படட்டும்.

அலைத்தேடி எழுதியது:

மூன்று வாரம் ஆகிவிட்டது. நடந்ததைப் பதிவு செய்கிறேன். எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் பரணில் 486 மடிக்கணினி இருந்தது. வன்தட்டு எழவில்லை, காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டில் டாஸ் ஏற்றினோம். செட்டுகளைக் கொடுத்த நிறுவனம் ஃபிளாப்பிக்கான உரிமக் கடிதத்தைத் தேடி அனுப்பியது. ரிப் பாக்ஸை ஒரு சர்வீஸ்காரர் இரவல் தந்தார்.

முதலில் பிஎல் 2303 கற்றுத்தந்த பாடத்தால், கணினியின் சீரியல் போர்ட்டையே சோதித்தேன். ஒன்பது பின் முனையில் இரண்டாம் பின்னையும் மூன்றாம் பின்னையும் ஒரு காகிதப் பிடிப்பானால் இணைத்து, முனைய (டெர்மினல்) நிரலில் தட்டச்சு செய்தேன். தட்டிய எழுத்துகள் திரும்பி வந்தன. பிடிப்பானை எடுத்ததும் நின்றன. போர்ட் நலம். ஆனால் ரிப் பாக்ஸை இணைத்தும் செட் படிக்கவில்லை. இரண்டு மாலைகள் போயின.

டாஸ்காலத்தான் எழுதியது:

ரிப் பாக்ஸுக்கு மின்சாரம் எதிலிருந்து கொடுத்தீர்கள்?

அலைத்தேடி எழுதியது:

அதேதான், ஐயா. பெட்டிக்குள் 9 வோல்ட் பேட்டரி ஒன்று இருந்தது, அளந்தால் 6.1 காட்டியது. புதியது போட்டதும் முதல் முயற்சியிலேயே செட் படித்தது. நீங்கள் சொன்னபடி ஒவ்வொன்றையும் மூன்று முறை படித்து ஒப்பிட்டேன். நான்கு செட்டுகளிலும் மூன்று கோப்புகளும் ஒன்றாகவே இருந்தன. செட்டுக்கு மின்சாரம் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக, 13.8 வோல்ட் கொடுக்கும் பவர் சப்ளையோடு ஒரு கார் பேட்டரியையும் இணைத்து வைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

மூன்று செட்டுகள் முடிந்தன. டிகே 270-களோடு தெளிவாகப் பேசுகின்றன. நான்காவதின் சீட்டில் 136 முதல் 162 வரையிலான வகை என்று இருக்கிறது. எங்கள் அலைவரிசை அதற்கு மேலே வருவதால் மென்பொருள் ஏற்க மறுத்தது. ஈயப்பற்று ஐயா முதல் பதிவிலேயே சொன்னதுதான். நான் ஒரு செட்டின் சீட்டை மட்டும் பார்த்துவிட்டு மற்றவையும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அதைக் கட்டாயப்படுத்தி ஏற்றும் எண்ணம் இல்லை. அதன் மூலக் கோப்பைச் செட்டின் வரிசை எண்ணோடு சேமித்து, செட்டை உறையிலிட்டு, எல்லை எண்களை மேலே எழுதி அலமாரியில் வைத்திருக்கிறோம். அந்த எல்லைக்குள் உரிமம் உள்ள வேறு தன்னார்வக் குழு எதற்காவது தேவை என்றால் இந்த இழையிலேயே எழுதுங்கள். கோப்போடு சேர்த்தே தருகிறோம்.